சீசனில் வாங்கி ஃப்ரீசரில் வைப்பது எப்படி: முதன்முறையாகச் செய்பவர்களுக்கு

எந்தக் காய்க்கும் ஆண்டில் சில வாரங்கள் உண்டு. சந்தையில் எங்கு பார்த்தாலும் அதுவே குவிந்து கிடக்கும், விலை சரிந்திருக்கும், ருசியும் அப்போதுதான் நன்றாக இருக்கும். அந்த வாரங்களில் கூடுதலாக வாங்கி ஃப்ரீசரில் வைத்துக்கொண்டால், விலை ஏறும் மாதங்களில் காய்கறிச் செலவு கண்கூடாகக் குறையும். கடினமான வேலை இதில் எதுவும் இல்லை. ஆனால் புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் பணத்தை விட்டுவிடுகிறார்கள். ஒன்று, மலிவு என்பதற்காகவே வாங்குவது. மற்றொன்று, உள்ளே வைத்ததை வெளியே எடுக்காமல் மறந்துபோவது. உறைய வைக்கும் முறையைவிட இந்த இரண்டும்தான் மிச்சம் எவ்வளவு என்பதைத் தீர்மானிக்கின்றன. அதனால் அவற்றுக்கும் இங்கே இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

முதலில் உங்கள் ஃப்ரீசரைப் பாருங்கள்

காய், பழங்களை மாதக்கணக்கில் வைக்க ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் கீழே இருக்க வேண்டும். அந்தக் குளிரில் பாக்டீரியா பெருகாது. அது செத்துப்போவதும் இல்லை, அடங்கிக் கிடக்கும், உருகியதும் மறுபடி பெருகத் தொடங்கும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் சொல்லப்போகும் பல எச்சரிக்கைகள் தானாகவே விளங்கும்.

சில ஃப்ரிட்ஜ்களில் ஃப்ரீசர் கதவின் மேல் பனிப்பூப் போன்ற நட்சத்திரக் குறிகள் இருக்கும். மின்சாரச் சிக்கனத்துக்கு ஒட்டும் நட்சத்திரம் வேறு, இது வேறு. ஒரு குறி என்றால் மைனஸ் 6, இரண்டு என்றால் மைனஸ் 12, மூன்று என்றால் மைனஸ் 18 டிகிரி. நான்கு குறி இருந்தால், புதிய உணவை உறைய வைக்கும் திறனும் அதற்கு உண்டு. ஃப்ரிட்ஜுக்குள்ளேயே சிறிய தடுப்பாக, மெல்லிய மூடியோடு இருக்கும் ஃப்ரீசர்கள் பல மைனஸ் 18-ஐ எட்டுவதில்லை. அவற்றில் சில வாரங்களுக்கு மேல் எதையும் வைக்கத் திட்டமிடாதீர்கள். குறி எதுவும் இல்லையென்றால் ஃப்ரீசருக்கான சிறிய தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி ஓர் இரவு உள்ளே வையுங்கள். அதுவும் இல்லையென்றால் ஐஸ்க்ரீமே சொல்லிவிடும். ஸ்பூன் சுலபமாக இறங்கும் அளவுக்கு அது இளகியிருந்தால் குளிர் போதவில்லை.

எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்பதையும் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். சந்தையில் நிற்கும்போது நம் ஃப்ரீசர் நிஜத்தில் இருப்பதைவிட இரண்டு மடங்கு பெரியதாகத் தோன்றும்.

எதை வாங்குவது, எப்போது வாங்குவது

ஒரு தாளை எடுத்துக்கொண்டு கடந்த மாதம் உங்கள் வீட்டில் அடிக்கடி சமைத்த காய்களை எழுதுங்கள். ஃப்ரீசருக்குள் போக வேண்டியவை அந்தப் பட்டியலில் இருப்பவை மட்டும்தான். வீட்டில் யாரும் விரும்பிச் சாப்பிடாத ஒரு காய் பாதி விலைக்குக் கிடைத்தாலும் அது செலவுதான். முதல் முறைக்கு இரண்டு அல்லது மூன்று பொருட்கள் போதும். பட்டாணி, பீன்ஸ், தக்காளி ஆகிய மூன்றும் தொடங்க நல்லவை. இவற்றைக் கெடுப்பது கடினம், எல்லாச் சமையலிலும் இடம் பிடிக்கும்.

சீசன் ஆரம்பிக்கும்போது வரும் முதல் வரத்தை வாங்க வேண்டாம், விலை அப்போது இறங்கியிருக்காது. கடைசி வரத்து மலிவாக இருக்கலாம், ஆனால் பட்டாணியும் பீன்ஸும் முற்றிப் போயிருக்கும். நடுவில் வரும் வாரங்கள்தான் நமக்கு வேண்டியவை. ஒவ்வொரு வாரமும் விலையைக் கைபேசியில் குறித்துவைத்தால், ஓராண்டிலேயே உங்கள் சந்தையின் ஏற்ற இறக்கம் கைக்கு வந்துவிடும். வேறு யார் கொடுக்கும் பட்டியலைவிடவும் அது உதவும்.

இப்போது கணக்கு. தோலோடும் நெற்றோடும் விற்கும் காயின் விலையை அப்படியே நம்பக்கூடாது. நெற்றுப் பட்டாணி 1 கிலோ வாங்கி உரித்தால் ஏறக்குறைய 400 கிராம் பட்டாணி கிடைக்கும். அதாவது உரித்த பட்டாணியின் உண்மையான விலை, நீங்கள் கொடுத்த விலையைப் போல இரண்டரை மடங்கு. அதைக் கடையில் விற்கும் உறைந்த பட்டாணிப் பாக்கெட்டின் விலையோடு ஒப்பிடுங்கள். பல சமயம் பாக்கெட்டே மலிவாக இருக்கும். அப்படியென்றால் உட்கார்ந்து உரிக்க வேண்டிய அவசியமே இல்லை, பாக்கெட்டையே வாங்கிவிடலாம். இலையும் தண்டும் கழியும் காலிஃப்ளவர், கதிரோடு வரும் மக்காச்சோளம் எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். கழிவு குறைவான பீன்ஸ், கேரட், தக்காளி ஆகியவற்றில்தான் மிச்சம் தெளிவாகத் தெரியும். என் கணக்கு இது: சுத்தம் செய்தபின் வரும் விலை, மற்ற நாட்களில் கொடுக்கும் விலையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போனால் அந்தக் காயை உறைய வைக்க மாட்டேன். உழைப்பு, கவர், இடம் எல்லாவற்றையும் சேர்த்தால் அதற்கு மேல் கட்டுப்படியாகாது.

தரத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஃப்ரீசர் எதையும் உள்ளே போனதைவிட நன்றாக ஆக்காது. வாடிய பீன்ஸ் ஆறு மாதம் கழித்தும் வாடிய பீன்ஸாகத்தான் வெளியே வரும். பழுத்து அமுங்கிய தக்காளி மட்டும் விதிவிலக்கு, அரைக்கப் போகிறோம் என்பதால் அதை மலிவாக வாங்கலாம். அழுகல் இல்லாமல் இருந்தால் போதும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, வாங்கிய அன்றே, முடியாவிட்டால் மறுநாளே வேலையை முடிப்பது. ஓய்வு இருக்கும் நாளைப் பார்த்துச் சந்தைக்குப் போங்கள்.

வெந்நீர் ஏன் தேவை

காயைக் கழுவி நறுக்கி நேராக ஃப்ரீசரில் போட்டால் என்ன ஆகும்? சில வாரங்களுக்கு ஒன்றும் தெரியாது. பிறகு பச்சை நிறம் மங்கி, வைக்கோல் போன்ற வாடை வரும், கடித்தால் நார் போல் இருக்கும். காரணம், காயில் இயல்பாகவே இருக்கும் நொதிகள். காயைப் பழுக்க வைப்பதும் முதிர வைப்பதும் அவைதான். குளிரில் அவற்றின் வேகம் குறையுமே தவிர நிற்காது. கொதிநீரில் சில நிமிடங்கள் போட்டு எடுத்தால் அவை செயலிழந்துவிடும். இதைத்தான் பிளான்ச்சிங் என்கிறார்கள். காயைப் பாதி வேக வைப்பதாக இதை நினைத்துக்கொள்ள வேண்டாம், நொதியை நிறுத்தும் அளவுக்கு மட்டுமே சூடு தேவை.

நேரம் இங்கே முக்கியம். போதிய நேரம் போடாமல் எடுத்தால், நொதிகள் நிற்பதற்குப் பதிலாகத் தூண்டப்பட்டு, போடாமலே வைத்ததைவிட மோசமாகும். அதிக நேரம் போட்டால் காய் குழையும், சத்தும் தண்ணீரோடு போகும்.

செய்முறை இப்படி:

1. காயைக் கழுவி, சமையலுக்கு எப்படி நறுக்குவீர்களோ அப்படியே ஒரே அளவாக நறுக்குங்கள். அளவு மாறினால் ஒன்று வேகும், மற்றொன்று பச்சையாக நிற்கும்.

2. பெரிய பாத்திரத்தில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க விடுங்கள். அரைக் கிலோ காய்க்கு ஏறக்குறைய 4 லிட்டர் தண்ணீர் வேண்டும். அதிகமாகத் தோன்றும், ஆனால் காயைப் போட்டபின் ஒரு நிமிடத்துக்குள் தண்ணீர் மறுபடி கொதிக்க வேண்டும். கொதிக்கவில்லை என்றால் காய் அதிகம் என்று பொருள். அடுத்த தவணைக்குக் குறைத்துப் போடுங்கள்.

3. மறுபடி கொதித்த நொடியிலிருந்து நேரத்தை எண்ணுங்கள். பட்டாணிக்கு ஒன்றரை நிமிடம். துண்டாக்கிய கேரட்டுக்கும் கீரைக்கும் 2 நிமிடம். பீன்ஸ், காலிஃப்ளவர், ப்ரோக்கோலி மூன்றுக்கும் 3 நிமிடம். மக்காச்சோளத்தை உதிர்ப்பதற்கு முன் கதிரோடு 4 நிமிடம் போட்டு, ஆறியபின் கத்தியால் உதிருங்கள்.

4. எடுத்த உடனே ஐஸ் போட்ட குளிர்ந்த நீரில் கொட்டுங்கள். கொதித்த நேரம் எவ்வளவோ அதே நேரம் இதிலும் இருக்க வேண்டும். ஒரு துண்டைக் கடித்துப் பாருங்கள், உள்ளேயும் குளிர்ந்திருக்க வேண்டும். குளிர்ந்த நீர் சூடாகிக்கொண்டே போகும் என்பதால் இடையிடையே ஐஸ் சேர்க்க வேண்டியிருக்கும். முந்தைய நாளே ஐஸைத் தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

5. வடிகட்டி, சுத்தமான பருத்தித் துணியில் பரப்பி, ஈரம் போகும்வரை ஒற்றியெடுங்கள். இதைப் பலர் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். காயில் ஒட்டியிருக்கும் ஈரம்தான் பிறகு பனிக்கட்டியாகி எல்லாவற்றையும் ஒரே பாறையாகக் கட்டிவிடுகிறது.

வெங்காயம், குடைமிளகாய், பச்சை மிளகாய், இஞ்சி, கொத்தமல்லி போன்ற வாசனை இலைகள் ஆகியவற்றுக்கு வெந்நீர் வேண்டாம். நறுக்கி அப்படியே வைக்கலாம். வாசனை இலைகளைப் பொடியாக நறுக்கி ஐஸ் ட்ரேயின் குழிகளில் போட்டு, மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி உறைய வைத்தால், தேவைப்படும்போது ஒரு கட்டியைச் சட்டியில் போட்டுவிடலாம். மலிவாகக் கிடைக்கும்போது எலுமிச்சையைப் பிழிந்தும் இதே மாதிரி வைக்கலாம். வெங்காயத்தை மட்டும் இரட்டைக் கவரில் வையுங்கள், இல்லையென்றால் ஐஸ்க்ரீம்வரை அதன் வாடை ஏறிவிடும்.

தக்காளி: தொடங்குபவர்களுக்கு ஏற்ற பொருள்

தக்காளியின் விலை ஏறுவதும் இறங்குவதும் வேறு எந்தக் காயையும்விட அதிகம். அதனால் மிச்சமும் இதில்தான் அதிகம். வேலையோ மிகக் குறைவு. நன்கு பழுத்ததைக் கழுவித் துடைத்து, காம்புப் பகுதியை வெட்டியெடுத்துவிட்டு, முழுசாகவே தட்டில் வைத்து உறைய வையுங்கள். கல் போல ஆனதும் கவரில் மாற்றுங்கள்.

சமைக்கும்போது ஒரு தக்காளியை எடுத்துக் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். சில நொடிகளில் தோல் சுருங்கிக் கழன்று வரும், விரலால் தள்ளினால் முழுத் தோலும் ஒரே துண்டாகக் கையோடு வந்துவிடும். கத்தியே தேவையில்லை. பச்சையாக நறுக்கிச் சாப்பிட அது உதவாது, உருகியதும் குழைந்துவிடும். வதக்கவும் அரைக்கவும் சூப்புக்கும் அருமையாக இருக்கும்.

இடம் குறைவாக இருந்தால் அரைத்து, பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சி, ஆறவைத்து வையுங்கள். அடுப்புச் செலவு கொஞ்சம் கூடும், ஃப்ரீசரில் பிடிக்கும் இடம் பாதியாகும்.

பழங்கள்

பழத்துக்கு வெந்நீர் தேவையில்லை. வாழைப்பழத்தைத் தோலுரித்து வட்டமாக நறுக்குங்கள், தோலோடு வைத்தால் பிறகு உரிப்பது பெரும்பாடு. மாம்பழம், ஸ்ட்ராபெர்ரி, அன்னாசி, திராட்சை எல்லாம் துண்டாகவோ முழுசாகவோ உறையும். நறுக்கியதும் கறுக்கும் ஆப்பிள் போன்றவற்றில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு பிசறிக்கொள்ளுங்கள். உருகிய பழம் புதிய பழத்தின் இறுக்கத்தோடு இருக்காது. அரைத்துக் குடிக்கவும், காய்ச்சிய பண்டங்களில் சேர்க்கவும் என்று நினைத்து வைத்தால் ஏமாற்றம் இருக்காது.

வேகமாக உறைய வேண்டும்

நீர் மெதுவாக உறைந்தால் பனிப் படிகங்கள் பெரிதாக வளர்ந்து, காயின் செல் சுவர்களைக் கிழித்துவிடும். உருகும்போது நீர் வழிந்து காய் தொளதொளத்துப்போவது அதனால்தான். வேகமாக உறைந்தால் படிகங்கள் சிறிதாகவே நிற்கும். கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர் 1910களில், இன்று கனடாவைச் சேர்ந்த லாப்ரடார் பகுதியில் இருந்தபோது, அங்குள்ள இன்யூட் மக்கள் பிடித்த மீன் கடுங்குளிரில் சட்டென்று உறைந்துபோவதையும், பல நாள் கழித்து உருக்கிச் சமைத்தாலும் ருசி குன்றாமல் இருப்பதையும் கவனித்தார். 1920களில் அவர் அமைத்த விரைவு உறைப்பு முறையிலிருந்துதான் இன்றைய உறைந்த உணவுத் தொழில் வளர்ந்தது.

வீட்டில் நம்மால் செய்யக்கூடியது இரண்டு. காயைத் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் ஒரே அடுக்காகப் பரப்பி, இரண்டு மூன்று மணி நேரத்தில் கெட்டியானதும் கவருக்கு மாற்றுவது ஒன்று. பிறகு ஒரு கைப்பிடி வேண்டுமென்றாலும் உதிரியாக எடுத்துக்கொள்ளலாம், மொத்தத்தையும் உருக்க வேண்டியதில்லை. ஒரே நாளில் ஃப்ரீசரைத் திணிக்காமல் இருப்பது மற்றொன்று. 30 லிட்டர் கொள்ளளவுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 கிலோ புதிய உணவு என்பது பாதுகாப்பான அளவு. அதற்கு மேல் வைத்தால் புதியதும் மெதுவாக உறையும், ஏற்கெனவே இருப்பதும் இளகும். மிச்சத்தை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து மறுநாள் போடுங்கள். சூடான எதையும் உள்ளே வைக்க வேண்டாம்.

கட்டி வைப்பது

ஃப்ரீசரில் நாளாக நாளாகக் காய் காய்ந்து, வெளுத்த திட்டுகள் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். காயில் உள்ள பனி நீராகாமல் நேராக ஆவியாகிப் போவதால் வருவது அது. சாப்பிட்டால் கெடுதல் இல்லை, ருசிதான் போய்விடும். காற்று படாமல் இருந்தால் அது பெரும்பாலும் வராது. ஃப்ரீசருக்கென்று விற்கும் தடித்த ஜிப் கவர் வாங்குங்கள். காயை நிரப்பி, ஜிப்பை ஓரத்தில் ஒரு விரல் அளவு மட்டும் திறந்து வைத்துக்கொண்டு, தண்ணீர் நிரம்பிய பாத்திரத்தில் கவரை மெல்ல அமுக்குங்கள். தண்ணீரின் அழுத்தம் காற்றை வெளியே தள்ளிவிடும், கவர் காயோடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் வாய்வரை வரும்முன் மூடிவிடுங்கள்.

அரைத்தது, காய்ச்சியது போன்றவற்றைக் கவரில் ஊற்றித் தட்டையாகப் படுக்க வையுங்கள். இரண்டு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேல் வேண்டாம். சீக்கிரம் உறையும், சீக்கிரம் உருகும், பிறகு புத்தகம் போல வரிசையாக நிறுத்தியும் வைக்கலாம். டப்பாவில் ஊற்றுவதாக இருந்தால் மேலே இரண்டு சென்டிமீட்டராவது காலி விடுங்கள். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும், நிரப்பிய கண்ணாடிப் பாட்டில் வெடித்துவிடும்.

ஒரு பொட்டலம் ஒரு வேளைச் சமையலுக்கு. பெரிய பொட்டலமாகக் கட்டினால் பாதியை வீணாக்க நேரும். என்ன காய், எவ்வளவு, எந்தத் தேதி என்று அழியாத மையில் எழுதுங்கள். எழுதாத பொட்டலத்தை இரண்டு மாதம் கழித்து யாராலும் அடையாளம் காண முடியாது.

வைக்கவே கூடாதவை

வெள்ளரி, சாலட் இலைகள், முள்ளங்கி, தர்பூசணி எல்லாம் நீர் மிகுந்தவை, உருகினால் கூழ்தான். பச்சை உருளைக்கிழங்கு கறுத்து மாவாகிவிடும். ஓட்டோடு முட்டை வைத்தால் ஓடு விரிசல் விடும்.

எடுத்துச் சமைப்பது

காயை உருக்கவே வேண்டாம். ஃப்ரீசரிலிருந்து நேராகக் கொதிக்கும் தண்ணீரிலோ சூடான எண்ணெயிலோ போடுங்கள். ஏற்கெனவே வெந்நீர் பட்டது என்பதால் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வெந்துவிடும், பார்த்து இறக்குங்கள். உறைந்த காயைப் பச்சையாகச் சாப்பிட வேண்டாம். பழக்கூழ், சமைத்த உணவு ஆகியவற்றை முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜில் இறக்கி உருக விடுங்கள். சமையல் மேடையில் மணிக்கணக்கில் வைத்தால், வெளிப்பகுதி உருகி வெதுவெதுப்பாகி பாக்டீரியா பெருகத் தொடங்கும்போதும் நடுப்பகுதி கட்டியாகவே இருக்கும்.

வெந்நீர் பட்ட காயும் பெரும்பாலான பழங்களும் 8 முதல் 12 மாதம்வரை ருசி கெடாமல் இருக்கும். சமைத்து வைத்ததை மூன்று மாதத்துக்குள் முடித்துவிடுவது நல்லது.

ஃப்ரீசர் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள். உள்ளே வைக்கும்போது பொட்டலத்துக்கு ஒரு கோடு, எடுக்கும்போது அந்தக் கோட்டை அடியுங்கள். வாரச் சந்தைக்குப் பட்டியல் எழுத உட்காரும்போது முதலில் இந்தத் தாளைப் பாருங்கள். பீன்ஸ் ஐந்து கோடு இருக்கிறதென்றால் அந்த வாரப் பட்டியலில் பீன்ஸ் எழுத மாட்டீர்கள். பணம் மிச்சமாவது அந்த இடத்தில்தான். கதவைத் திறந்து பார்த்தும் முடிவு செய்யலாம் என்று தோன்றும், ஆனால் கீழே இருப்பது கண்ணில் படாது, குளிரும் வீணாகும்.

மின்சாரம் போனால்

கதவைத் திறக்காதீர்கள். நிரம்பிய ஃப்ரீசர் மூடியே இருந்தால் ஏறக்குறைய 48 மணி நேரம் குளிரைத் தாங்கும், பாதி நிரம்பியது 24 மணி நேரம். இடம் காலியாக இருக்கும் காலத்தில் தண்ணீர்ப் பாட்டில்களை மேலே கொஞ்சம் காலி விட்டு நிரப்பி உள்ளே வைத்தால் இதற்கு உதவும். மின்சாரம் வந்தபின் ஒவ்வொரு பொட்டலத்தையும் தொட்டுப் பாருங்கள். பனிப் படிகங்கள் இன்னும் இருந்தால் மறுபடி உறைய வைக்கலாம், தரம் கொஞ்சம் குறையும். முழுக்க உருகிக் குளிர்ச்சியும் போயிருந்தால் குப்பையில் எறிந்துவிடுங்கள், முகர்ந்து பார்த்து முடிவெடுக்க வேண்டாம். கெட்டது எல்லாம் வாடையில் தெரிந்துவிடாது.

அடுத்த ஆண்டுக்கு

அதே காயின் சீசன் திரும்பி வரும்போது தாளில் எத்தனை கோடு மிச்சம் என்று பாருங்கள். ஆறு மாதத்திலேயே தீர்ந்துவிட்டதென்றால் இம்முறை இரட்டிப்பாக வாங்கலாம். பாதிப் பொட்டலங்கள் அப்படியே கிடந்தால், முதலில் அவற்றைச் சமைத்து முடியுங்கள், இந்த ஆண்டு பாதி வாங்கினால் போதும்.